முத்துப்பிள்ளை

நாங்கள் என்றால் இரண்டு பேர். சார்ஜாவில், றோல்லாப் பக்கத்துப் பழைய கட்டிடமொன்றில், பலகை அடித்துப் பிரித்த அறையின் பாதிக்குள் இருக்கிறோம். ஒருவருக்கு ரெஸ்ரோரண்டில் பரோட்டா மாவோடு வேலை. மற்றவருக்கு அலுவலகங்கள் துப்புரவு செய்யும் கொம்பனியில் வேலை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்து இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன கதையும் எங்களில் ஒருவருக்கு உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் வளைகுடா நாடுகள் ஆறும் சேரவில்லை. ஆகவே இங்கே நாங்கள் அகதிகளும் அல்ல. விசாவில் என்ன தொழில் எழுதியிருக்கிறதோ அதுதான் நாங்கள்.

2023இல் மாதம் தள்ளிப்போனது. பாமசியில் வாங்கிய பட்டியில் இரண்டு கோடும் பளிச்சென்று விழுந்தன. சந்தோசப்பட்டோம், பயப்பட்டோம், வாடகையைக் கணக்குப் பார்த்தோம். பிறகு சத்தி தொடங்கியது. தண்ணீர் குடித்தாலும் சத்தி. பத்தாம் கிழமையிலேயே வயிறு நாலு மாதம் போல் இருந்தது. பலகைக்கு அந்தப்பக்கம் இருந்த அக்கா இரட்டைப் பிள்ளை என்றா. ஊருக்கு ரெலிபோனில் சொல்லியும் போட்டோம்.

ஸ்கான் எடுத்த டொக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பனி கொட்டுவதுபோலத் தெரிகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். வெளியே நாற்பத்தைந்து பாகை வெயில். திருநெல்வேலிக்காரத் தாதி ஒருத்திதான் வராந்தாவில் வைத்துத் தமிழில் சொன்னா: "இது முத்துப்பிள்ளைம்மா. உள்ள குழந்த இல்ல."

ஆங்கிலப் புத்தகங்கள் இதைத் திராட்சைக் குலை என்கின்றன. எங்கள் ஆட்கள் முத்து என்றிருக்கிறார்கள், பிள்ளை என்றும் சேர்த்திருக்கிறார்கள்.

படித்த அரைகுறையை வைத்து அன்றிரவு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கருக்கட்டி ஐந்தாறு நாளில் அந்தக் கலப்பந்து இரண்டாகப் பிரிகிறது. உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் சிறு கூட்டம்தான் பின்னர் பிள்ளையாவது. வெளிச்சுற்றுக்குப் பெயர் திரோபோபிளாஸ்ற். அது பிள்ளையாவதில்லை, பிள்ளைக்கு இடம்பிடித்துக் கொடுப்பது. கருப்பைச் சுவருக்குள் துளைத்து இறங்கும். தாயின் சுருள் நாடிகளை இளக்கி அகலமாக்கும். அதில் ஒரு பகுதி தங்களுக்கிடையிலான எல்லைச்சுவர்களை அழித்து ஒரே படலமாக உருகித் தாயின் இரத்தத்தில் தோய்ந்து நிற்கும். சூல்வித்தகம் என்று நாங்கள் பள்ளியில் பாடமாக்கியது அப்படித்தான் உண்டாகிறது. அந்தப் பட்டியில் கோடு விழுத்திய எச்.சி.ஜி. ஓமோனும் அங்கிருந்துதான் வருகிறது.

இந்தக் கலங்கள் போதிய ஆழம் இறங்காவிட்டால் பின்மாதங்களில் தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறிச் சன்னிவரை போகலாம். அளவுக்கு மிஞ்சி இறங்கினால் பிரசவத்தில் இளங்கொடி கழராது, இரத்தம் போய்ச் சாகலாம். மற்றவர் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கணக்கு இது. அதிகம் பேருக்குச் சரியாகவே வந்துவிடுவதுதான் அதிசயம்.

முத்துப்பிள்ளையில் வெளிச்சுற்று மட்டும் பெருகுகிறது. 1977இல் கஜி, ஓஹாமா என்ற இரு யப்பானியர் இதன் மூலத்தைக் கண்டார்கள். முழுமையான முத்துப்பிள்ளையில் நிறமூர்த்தங்கள் எல்லாமே தகப்பனுடையவை. தாயின் முட்டையிலிருந்து கருவின் பங்கு எப்படியோ அற்றுப்போய்விடுகிறது. பெரும்பாலும் ஒரு விந்தே உள்ளே போய்த் தன்னை இரட்டித்துக்கொள்கிறது. எங்கள் றிப்போர்ட்டிலும் "முழுமையான" என்றே இருந்தது. ஒன்றுமே முழுமையாக இல்லாததற்கு அந்தப் பெயர்.

இதைச் சொல்லியிருக்கக்கூடாது. படிப்பைக் காட்டுகிற ஆசை.

"அப்ப அதிலை என்ரை ஒண்டும் இருக்கேல்லையோ?" என்று கேட்டா. பிறகு இரண்டு நாள் கதையில்லை. ஊரில் மாமி செய்வினை என்று சொல்லி நூல் கட்ட ஆள் பார்த்தா. அது எவ்வளவோ பரவாயில்லை. அதில் தாயின் பங்கு மறுக்கப்படவில்லை.

முதலில் போன கிளினிக்கில் வயிற்றைத் துப்புரவு செய்துவிட்டு இனிப் பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கிழமைக்குக் கிழமை இரத்தம் சோதிக்க வேண்டும், எச்.சி.ஜி. அடியோடு இல்லாமல் போகும்வரை விடக்கூடாது என்று சொன்னது அந்தத் திருநெல்வேலித் தாதிதான். அப்போது சார்ஜாவில் காப்புறுதி கட்டாயமில்லை. 2025 தையில்தான் வந்தது. ஒவ்வொரு சோதனையும் கைக்காசு, அதோடு அரைநாள் சம்பளமும் வெட்டு. மூன்றாம் கிழமை போகாமல் விடுவோம் என்று முடிவெடுத்தோம். ஆள் நன்றாகத்தானே இருக்கிறா.

அந்த இரவு ரெலிபோனில் தேடித் தேடி வாசித்ததில் ஒரு சீனரைக் கண்டோம். மின் சியூ லி. 1947இல் படிக்க அமெரிக்கா போனவர், ஊரில் ஆட்சி மாறியதால் அங்கேயே தங்கிவிட்டார். முத்துப்பிள்ளைக்குப் பின் மிஞ்சுகிற கலங்கள் சிலவேளை கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயாகி நுரையீரலுக்குப் போகும். அப்படிப் போனவர்கள் அந்நாளில் அநேகமாகத் தப்புவதில்லை. லியும் அவருடைய கூட்டாளிகளும் மெதோற்றெக்சேற் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். 1956இல் வெளியிட்டார்கள். கட்டி மறைந்த பிறகும் சிறுநீரில் ஓமோன் மீந்திருந்தால் லி மருந்தை நிறுத்தவில்லை. சுகமானவர்களுக்கு நஞ்சு கொடுக்கிறான் என்று வேலையால் நிறுத்திவிட்டார்கள். அவர் மருந்து கொடுத்துக்கொண்டே போனவர்கள்தான் நிலைத்துப் பிழைத்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. 1972இல் லாஸ்கர் பரிசு கொடுத்தார்கள்.

நாலாம் கிழமை போனோம். எண் ஏறியிருந்தது. அடுத்த கிழமையும், அதற்கடுத்ததிலும் ஏறியது. மெதோற்றெக்சேற் ஊசிதான் என்றார்கள்.

அந்த மருந்து வந்த வழியும் எங்களுக்குத் தூரமானதல்ல. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், பஞ்சாலைகளில் வேலைசெய்த கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சென்னையிலும் வேலை செய்திருக்கிறார். மார்மைற் கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். எங்கள் வீட்டு அலுமாரிகளில் இருந்த அதே மார்மைற். அதற்குள் இருந்தது போலிக் அமிலம். கலம் பிரிவதற்கு அது வேண்டும்.

அதை 1945இல் அமெரிக்காவில் லெடர்லே கொம்பனியில் செயற்கையாகச் செய்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்ததற்காகப் பேராசிரியர் முகம் சுழித்து, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் குறைந்த சான்றிதழோடு வெளியே வந்தவர். பொஸ்ரனில் வயிற்றுப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் இரவு எடுபிடி வேலை செய்தார். போலிக் அமிலம் போல் வேடமிட்டுக் கலத்தை ஏமாற்றும் மருந்துகள் அவருடைய குழுவிலிருந்தே வந்தன. அவற்றுள் ஒன்றுதான் மெதோற்றெக்சேற். வேகமாகப் பிரியும் திரோபோபிளாஸ்ற் அதில் சீக்கிரம் விழுந்துவிடும். 1948இல், 53 வயதில், அமெரிக்கக் குடியுரிமை இல்லாமலே செத்துப்போனார். 1956ஐக் காணவில்லை.

இதைச் சொன்னபோது மனைவி, "பாருங்கோ, அந்தாளும் உங்களை மாதிரி அரைகுறைச் சேட்டிபிக்கற்" என்றா. பல நாளைக்குப் பிறகு வந்த பகிடி.

ஊசியோடு வாய் அவிந்தது. சோறும் தயிரும் மட்டும் இறங்கின. முதலாளி கணக்கில் எழுதாமல் நாளுக்கொரு கிண்ணம் தயிர் தந்தார். அவருடைய தங்கைக்கும் இப்படி வந்திருந்ததாம்.

பதினான்காம் கிழமையில் எண் ஐந்துக்குக் கீழே வந்தது. அங்கே நின்றது. மருந்து முடிந்து ஒரு வருடம் கர்ப்பம் தரிக்கக்கூடாது என்றார்கள். மறுபடி முத்துப்பிள்ளை வருவது நூற்றில் ஒன்றளவு என்றும் சொன்னார்கள். அந்த வருடம் எப்போதோ முடிந்துவிட்டது.

ஊரில் பசு கன்று போட்டால் இளங்கொடியை ஓலையில் கட்டிப் பாலுள்ள மரத்தில் தொங்கவிடுவார்கள். எங்களுடையது எங்கே போனது என்று மனைவி ஒருநாள் கேட்டா. பரிசோதனைக்குப் போத்தலில் அனுப்பினார்கள் என்று சொன்னோம்.

"போத்தலிலை பேர் எழுதினவையோ?"

எழுதியிருந்தது. ஒட்டியிருந்த தாளில், அவவின் பெயர் மட்டும்.