க.பரமத்தி: வெயிலோடு வாழும் ஊர்

ஏப்ரல் பிறந்துவிட்டால் மாலைச் செய்திகளில் ‘கரூர் பரமத்தி’ என்ற பெயர் அடிக்கடி வரும். வெயில் சதமடித்த ஊர்களின் பட்டியலில் வேலூர், ஈரோடு, மதுரை போன்ற நகரங்களோடு இந்தச் சிற்றூரும் இடம்பிடிக்கும். பல நாள் அவற்றை முந்திவிடும். வானிலைத் துறையின் அளவீட்டு நிலையம் இங்கே இருப்பதால் கிடைத்த புகழ் அது. ஆனால் இரண்டு மாத வெயிலை வைத்து ஊரை எடைபோட்டால், மீதிப் பத்து மாதத்தைத் தவறவிடுவோம்.

கரூரிலிருந்து கோவை சாலையில் மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் க.பரமத்தி. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். வடக்கே நொய்யல், தென்கிழக்கே அமராவதி. இரண்டுக்கும் நடுவில் உள்ள மேட்டாங்காடு இது. சுற்றிலும் மானாவாரி நிலங்கள், ஆட்டுப்பட்டிகள், கல் குவாரிகள்.

வெக்கைக்குக் காரணம் ஊர் இருக்கும் இடம்தான். எந்தப் பக்கம் போனாலும் கடல் 150 கிலோமீட்டருக்கு மேல். சென்னையின் பகல் வெயிலைத் தணிக்கும் கடல்காற்று இங்கே நேரத்துக்கு எட்டாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடப்பதால் மழையும் குறைவு. தமிழகத்தின் ஆண்டுச் சராசரி மழை 900 மில்லிமீட்டருக்கு மேல். கரூர் மாவட்டத்துக்குக் கிடைப்பது சுமார் 650. மண்ணில் ஈரம் இருந்தால் வெயிலின் ஒரு பங்கு அதை ஆவியாக்குவதில் செலவாகும். ஈரமற்ற கல்லாங்காட்டில் அந்தப் பங்கும் சூடாகவே மாறுகிறது.

மாசிக் கடைசியிலேயே பகல் சுடத் தொடங்கும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நிலம் வாங்கிய சூடு அதன் பிறகும் சேர்ந்துகொண்டே போவதால், சித்திரை 21 முதல் வைகாசி 14 வரையிலான கத்திரி வெயிலில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் வருகின்றன. சில நாள் மாலையில் இடியோடு கோடை மழை கொட்டும். அன்றிரவு மட்டும் நிம்மதியான தூக்கம்.

ஜூனில் காற்று திரும்புகிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருகிறது. மழையைக் கேரளத்திலேயே பெரும்பாலும் இறக்கிவிட்டு, இங்கே மேகத்தையும் வேகத்தையும் மட்டும் கொண்டுவருகிறது. ஆடி முழுக்கப் புழுதி பறக்கும். ஆனாலும் கத்திரியின் கடுமை போயிருக்கும். ஆகஸ்ட் கடைசி வாரத்தை ஒட்டிச் சூரியன் மறுபடி உச்சிக்கு வரும்போது இரண்டாவது, சிறிய வெக்கை ஒன்று உண்டு.

ஐப்பசியும் கார்த்திகையும்தான் இந்த மண் காத்திருக்கும் மாதங்கள். வடகிழக்குப் பருவமழை விழுந்ததும் காடு பச்சை கட்டும். மார்கழியில் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். தை விடியலில் 20 டிகிரி அளவுக்குக் குளிரும், பனியும் பெய்யும்.

இந்த ஆண்டுச் சுழற்சிக்கு விவசாயிகள் கண்ட விடை கொறங்காடு. காங்கயம், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரங்களைப் போலவே க.பரமத்தியிலும் உள்ள மேய்ச்சல் நிலம் அது. கிளுவையை நட்டு உயிர்வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரங்களையும் வளர விடுவார்கள். மழைக்குத் தழைக்கும் புல், கோடையில் நின்றபடியே காய்ந்து தீவனமாகும். புல் தீரும் நேரத்தில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆடுகளின் பசியாற்றும். காங்கயம் மாடும் செம்மறியும் இந்த வெயிலில் திடமாக வாழ்வது இந்த ஏற்பாட்டால்தான். பாசனம் கேட்காத, உழவு கேட்காத, நிழலும் தருகிற நிலம் இதைவிட வேறு எது?

அந்தக் கொறங்காடுகள் மனைகளாகவும் குவாரிகளாகவும் மாறிவருவதுதான் என் கவலை. வேலி போனால் மரம் போகும்; மரம் போனால் மிச்சமிருக்கும் நிழலும் போய், வெக்கை இன்னும் கூடும். வெப்ப அளவைத் தினமும் அறிவிக்கும் அக்கறை, வெப்பத்தைத் தாங்கும் நிலத்தைக் காப்பதிலும் வேண்டும். மேய்ச்சல் நிலத்தை அப்படியே வைத்திருக்கும் விவசாயிக்கு அரசு ஊக்கத்தொகை தரலாம். கத்திரி நாட்களில் குவாரித் தொழிலாளர்களுக்கு நண்பகல் 12 முதல் 3 மணி வரை கூலி பிடிக்காத ஓய்வு கொடுக்கலாம். வெயிலை யாராலும் குறைக்க முடியாது; அதைத் தாங்குவதற்கு இந்த ஊர் தானே உண்டாக்கி வைத்திருப்பதை அழிக்காமல் இருக்க நம்மால் முடியும்.