அதே ரூம்... அதே கட்டில்... அஞ்சு மடங்கு வாடகை!

ஊட்டிக்கு பிளான் போடாத காலேஜ் கேங் உண்டா பாஸ்? வாட்ஸ்அப்ல குரூப் ஆரம்பிச்சு, பேரு வச்சு, டி.பி. மாத்தி, யாரு பைக், யாரு பஸ்னு சண்டை போட்டு முடிக்கிற வரைக்கும் குரூப் அதகளமா இருக்கும். அப்புறம் யாராவது ஒரு புண்ணியவான் ரூம் வாடகையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுவான். அவ்வளவுதான்... குரூப்பே மயான அமைதி!

அந்த ஸ்க்ரீன்ஷாட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வாடகை சொன்ன ஆள் நான். ஆமாங்க, 2025 மே மாசம் முழுக்க ஊட்டியில எங்க மாமாவோட லாட்ஜ்ல ரிசப்ஷன் பார்த்தேன். எங்க காலேஜ் அட்டானமஸ். மத்தவங்களுக்கு முன்னாடியே எங்களுக்கு செமஸ்டர் முடிஞ்சிடுச்சு. அம்மா, "சும்மா வீட்டுல போனை நோண்டிட்டுக் கிடக்காம மாமாவுக்கு ஒத்தாசையா இரு"ன்னு பஸ் ஏத்தி விட்டுட்டாங்க. லாட்ஜ்னதும் பெருசா நினைச்சுடாதீங்க. ஒன்பது ரூம், ஒரு பழைய டி.வி., மேஜை மேல ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர். கட்டடம் மாமாவோடது இல்ல. வருஷ லீசுக்கு எடுத்து நடத்துறார்.

முதல் நாளே மாமா ரேட் சொல்லிக் கொடுத்தார். மழை கொட்டுற ஜூலையில ரூம் 800 ரூபாய். செப்டம்பர், அக்டோபர் ரெண்டாவது சீசன்லயும் சனி, ஞாயிறுகள்லயும் 1,300. மே மாசம் சராசரியா 2,500. மலர்க் கண்காட்சி நடக்கிற சனிக்கிழமை மட்டும் 4,000. அதே கட்டில்தான். அதே கம்பளிதான். பாத்ரூம்ல அதே குழாய்தான், வலது பக்கம் திருப்பினா வராது, இடது பக்கம் திருப்பணும்.

"மாமா, இது அநியாயம் இல்லையா?"

"உக்காரு மாப்ள, கணக்கு போடு"ன்னு நோட்டை என் பக்கம் தள்ளினார்.

போட்டேன். நீங்களும் பாருங்க. லீஸ் வருஷத்துக்கு 9 லட்சம். ரெண்டு பேர் சம்பளம் 3,36,000. கரன்ட், தண்ணி லாரி, லாண்டரி, ரிப்பேர், ஆப் கமிஷன்னு 2 லட்சம். ஆக செலவு 14,36,000 ரூபாய். ரூம் நிறைஞ்சாலும் காலியா கிடந்தாலும் இதுல முக்கால்வாசி போயே தீரும். இப்ப வரவு. ஏப்ரல் பாதியில இருந்து மே கடைசி வரை சுமார் 340 ரூம் போகும், ஒரு ரூம் ஒரு ராத்திரினு கணக்கு. அதுல 8,50,000. ரெண்டாவது சீசன், வார லீவு, கிறிஸ்துமஸ் எல்லாம் சேர்த்து 500 ரூம், 6,50,000. மழையிலயும் குளிர்லயும் 200 ரூம், 1,60,000. மொத்தம் 16,60,000. கழிச்சா மாமா கையில நிக்கிறது 2,24,000. மாசத்துக்குப் பதினெட்டாயிரத்துச் சொச்சம்! அத்தை வீட்டுல தையல் மெஷின் ஓட்டுறது பொழுதுபோக்குக்கு இல்லைன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

நான் படிக்கிறது ட்ரிபிள் ஈ. பவர் பிளான்ட்டுக்கு கெப்பாசிட்டி ஃபேக்டர்னு ஒண்ணு சொல்லித் தருவாங்க. ஒரு பிளான்ட் முழு வருஷமும் முழு வேகத்துல ஓடினா எவ்வளவு கரன்ட் கொடுக்கும், நிஜமா எவ்வளவு கொடுக்குதுங்கிற விகிதம். மாமாவோட லாட்ஜுக்குப் போட்டுப் பார்த்தேன். 9 ரூம், 365 நாள், மொத்தம் 3,285. போனது 1,040. அதாவது சுமார் 32%. வருஷத்துல மூணுல ரெண்டு பங்கு அந்தக் கட்டில்கள்ல யாருமே படுக்கிறதில்ல. ஆனா அதுக்கெல்லாம் சேர்த்து யாரோ வாடகை கொடுக்கணும். அந்த யாரோ, மே மாசத்துல வர்றவங்க.

'அப்ப வருஷம் பூரா ஒரே ரேட் வச்சா என்ன'ன்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். கணக்குப்படி ஒரு ரூமுக்கு 1,600 வருது. ஆனா ஜூலை மழையில 1,600 கொடுத்து ஊட்டியில யாரு வந்து நடுங்குவா? அந்த 200 ரூமும் போகாது. அப்ப ரேட்டை இன்னும் ஏத்தணும். ஏத்தினா வார லீவு கூட்டமும் குறையும். கணக்கு வாலைப் பிடிச்ச நாய் மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு.

எங்க பெரியம்மா பையன் மெல்போர்ன்ல இருக்கான். அவன்கிட்ட இதைப் புலம்பினப்ப, "டேய், இங்க வந்து பாரு"ன்னான். அங்க கேரவன் பார்க்னு இருக்கு. கேரவன்னா நம்ம சினிமா ஸ்டார் ஷூட்டிங்ல உட்கார்ற வண்டி இல்ல. கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற குட்டி வீடு. கட்டில், அடுப்பு எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். பார்க்ல கொடுக்கிறது ஒரு துண்டு நிலம், ஒரு கரன்ட் பாயின்ட், தண்ணிக் குழாய், பொதுக் குளியலறை. அதுக்கும் கிறிஸ்துமஸ்ல இருந்து ஜனவரி கடைசி வரைக்கும் தனி ரேட். அங்க அப்பதான் வெயில் காலம், ஸ்கூல் லீவு. ஒரு ராத்திரி மட்டும் கேட்டா பல இடத்துல தர மாட்டாங்களாம், இத்தனை நாள் எடுத்தே ஆகணும்னு கண்டிஷன். சொந்த வீட்டையே இழுத்துட்டுப் போய், வெறும் தரைக்குக் காசு! கட்டிலுக்குத்தான் வாடகைனு நான் நினைச்சுட்டு இருந்ததை அவன் ஒரே போன்ல காலி பண்ணிட்டான். நாம வாங்குறது ரூம் இல்ல, தேதி.

இதுவரைக்கும் மாமா பக்க நியாயம். நான் கன்வின்ஸ் ஆகித்தான் இருந்தேன். மே 17 வரைக்கும்.

அன்னைக்கு சனிக்கிழமை. பொட்டானிக்கல் கார்டன்ல 127-வது மலர்க் கண்காட்சி ஆரம்பிச்ச மூணாவது நாள். சேரிங் கிராஸ்ல வண்டி நகரவே இல்ல. எட்டு ரூம் போயிடுச்சு. ராத்திரி ஒன்பது மணி இருக்கும். ஒரு அண்ணன், அவர் சம்சாரம், நாலஞ்சு வயசுல ஒரு பாப்பா. பஸ்ல வந்திருக்காங்க. பாப்பா தலையில சார்ஜ் தீர்ந்த பொம்மை மாதிரி தொங்கிட்டு இருந்த ஒரு மங்கி குல்லா.

"தம்பி, ரூம் என்னங்க வாடகை?"

"நாலாயிரம்ங்கண்ணா."

அவர் சம்சாரத்தைப் பார்த்தார். "ஆயிரத்துக்குள்ள ஏதாச்சும் இருக்குங்களா? சின்ன ரூமா இருந்தாலும் பரவால்லீங்க."

மாமாவுக்கு போன் போட்டேன். "2,500-க்குக் கீழ போகாத மாப்ள. இன்னும் ரெண்டு மணி நேரத்துல வண்டி வரும்"னார். 2,500-னு சொன்னேன். அவர் பேரம் பேசவே இல்ல. திருப்பூர்ல பனியன் கம்பெனி டெய்லராம். சனிக்கிழமை சாயங்காலம்தான் வாரச் சம்பளம் கைக்கு வருமாம். மத்தியானமே கேட்டு வாங்கிட்டு பஸ் ஏறியிருக்கார். "பாப்பா ஜூன்ல ஸ்கூலுக்குப் போகுதுங்க. அதுக்குள்ள ஒருக்கா காட்டிடலாம்னு..." முழுசா முடிக்கல. "சரிங்க தம்பி"ன்னுட்டுப் போயிட்டார்.

பதினொரு மணிக்கு ரெண்டு கார்ல ஒரு குரூப் வந்து, அந்த ஒன்பதாவது ரூமை 4,000 கொடுத்து எடுத்தாங்க. மாமா சொன்னது சரியாத்தான் போச்சு. அடுத்த நாள் காலையில பால் வாங்கப் போனப்ப பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுல அவங்களைப் பார்த்தேன். மூணு பேருக்கும் ஒரே போர்வை. பாப்பா முழிச்சிக்கிட்டு பஸ் கண்ணாடியில விழுந்த பனியில விரலால ஏதோ வரைஞ்சிட்டு இருந்துச்சு. அது சந்தோஷமாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும்.

அந்த நாள்ல இருந்து நோட்டுல ஒரு விஷயத்தைக் கவனிச்சேன். பிப்ரவரி, ஆகஸ்ட் செவ்வாய்க்கிழமையில 800-க்கும் 900-க்கும் வந்து தங்கினது யாரு? லேப்டாப்போட வந்த ஐ.டி. ஆளுங்க, ரிட்டயர்டு தம்பதிகள், பைக்ல சுத்துற பசங்க. மே சனிக்கிழமையில உச்ச ரேட் கொடுத்தது யாரு? ஸ்கூல் போற குழந்தைங்க இருக்கிற குடும்பங்கள், வாரம் ஒரு நாள் மட்டும் லீவு இருக்கிறவங்க. சீசன் வாடகை பணக்காரனைத் தேடிப் பிடிக்கிற வாடகை இல்ல. தேதியை மாத்திக்க முடியாதவனைத் தேடிப் பிடிக்கிற வாடகை. கணக்கு நோட்டுல தெரியாத சமாச்சாரம் இது.

கூட்டத்துக்கு ஏத்த விலைங்கிறது புதுசு இல்ல. ரயில்வேயே 2016 செப்டம்பர்ல ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்கள்ல ஃப்ளெக்ஸி ஃபேர் கொண்டுவந்துச்சு. 10% சீட் வித்ததும் கட்டணம் 10% ஏறும். ஆனா ஒரு அளவோட நின்னுடும். மேல ஒரு கூரை இருக்கு. மாமாவோட ரேட் 800-ல இருந்து 4,000. அதுக்கு மேல போகாததுக்குக் காரணம், மாமாவோட கூச்சம் மட்டும்தான்! பக்கத்துத் தெருவுல அந்தக் கூச்சமும் கிடையாது.

கூட்டத்தைக் குறைக்க இ-பாஸ் வந்துச்சே, அதுல ரேட் குறையலையானு கேட்காதீங்க. 2024 மே 7-ல இருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 சீசன்ல நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி, ஞாயிறுல 8,000 வண்டினு கணக்கு வச்சாங்க. மலைக்கு அது அவசியம், சந்தேகமே இல்ல. ஆனா எண்ணினது வண்டியை. அரசு பஸ்ல வர்றவங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்ல. பஸ்ல வந்தவங்களை ரோட்டுல யாரும் நிறுத்தலை, ரிசப்ஷன்லதான் நிறுத்தினாங்க.

சரி, உங்களுக்கு உருப்படியா நாலு வார்த்தை. கொடைக்கானல்ல எங்க கிளாஸ் பசங்க பட்ட அடி இது. ஒரு லாட்ஜ்ல 1,800 ரேட்டுக்கு போன்லயே பேசி அட்வான்ஸ் அனுப்பியிருக்காங்க. ரெண்டு நாள் முன்னாடி போன். "பைப் வெடிச்சிடுச்சு, ரூம் இல்ல, காசைத் திருப்பி அனுப்பிடறோம்." அன்னைக்கு சாயங்காலமே அதே ரூம் ஆப்ல 5,200-க்கு ஜம்முனு உட்கார்ந்திருக்கு. வெடிச்ச பைப் எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கிச்சு பாருங்க! அதனால தேதி, ரேட், ரூம் எண்ணிக்கை மூணும் இருக்கிற மாதிரி ஒரு மெசேஜாவது கேட்டு வாங்கி வச்சுக்குங்க. ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலானு கேளுங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 7,500 ரூபாய் வரைக்குமான ரூமுக்கு 5%தான், அதுக்கு மேல 18%. பழைய 12% போட்டு யாராவது பில் நீட்டினா சண்டை போடலாம். செக்-அவுட் 24 மணி நேரமா, காலையில பத்து மணியானு கேட்காம காசு கொடுக்காதீங்க. ராத்திரி பதினொண்ணுக்குப் போய் காலையில பத்துக்கு வெளிய வந்தா, வாடகையில பாதி வீண்.

எல்லாத்தையும் விட பெரிய விஷயம், நம்மகிட்ட தேதி இருக்கு பாஸ்! செமஸ்டர் லீவு, ஸ்டடி ஹாலிடேஸ்... சரி சரி, அது படிக்கிறதுக்குத்தான், எங்க ஹெச்.ஓ.டி. இதைப் படிப்பார். மழை நின்ன ஆகஸ்ட் புதன்கிழமை ஒண்ணைப் பிடிங்க. குடை எடுத்துக்குங்க. கார்டன்ல கூட்டமே இருக்காது. மேட்டுப்பாளையத்துல இருந்து மேல வர்ற மலை ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் போடுங்க. நீங்க காலி பண்ற மே சனிக்கிழமை ரூம் ஒண்ணு, ஒரு திருப்பூர் அண்ணனுக்கு உடனே 1,000 ரூபாய்க்குக் கிடைச்சிடும்னு நான் புருடா விட மாட்டேன். உங்க காசு மிச்சமாகும், அவ்வளவுதான்.

அந்த அண்ணனுக்கு வேற ஒண்ணு யோசிச்சிருக்கேன். லாட்ஜ் மாடியில உடைஞ்ச நாற்காலி, பழைய மெத்தைனு சாமான் போட்டு வச்சிருக்கிற ஒரு ஹால் இருக்கு. அதை ஒழிச்சு எட்டு கட்டில் போட்டு, நடுவுல குடும்பத்துக்குத் தனியா ஒரு பிளைவுட் தடுப்பு வச்சா டார்மிட்டரி ஆகிடும். சீசன்ல ஒரு கட்டிலுக்கு 300 ரூபாய். மூணு பேருக்கு 900. எட்டும் நிறைஞ்சா மாமாவுக்கு 2,400, கிட்டத்தட்ட ஒரு மே மாச ரூமுக்கு வர்ற காசு. நோட்டுல எழுதி, அவர் எனக்குக் காட்டின மாதிரியே அவர் பக்கம் தள்ளினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். "பாத்ரூம்?"னார். கீழ ஒண்ணு சும்மாதான் இருக்குன்னேன். "ஃபயர் ஆளுங்க வந்து கேட்டா?" அதுக்கு என்னென்ன வேணும்னு விசாரிக்கிறேன்னேன். "பார்க்கலாம் மாப்ள"ன்னார். எங்க குடும்பத்துல 'பார்க்கலாம்'னா பாதி சம்மதம். மேட்டுப்பாளையத்துல ரெண்டு கடையில இரும்புக் கட்டில் விலை கேட்டு வச்சிருக்கேன். மெத்தைக்கு இன்னும் கேட்கணும்.