பாறைவழி ஆற்றுப்படை

மலைவழியின் கடுமையைத் தமிழில் அறிய விரும்பும் மாணவியர்க்கு நான் முதலில் காட்டும் நூல் மலைபடுகடாம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அந்நூலில், பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர் கூட்டத்திற்கு வழி கூறுகின்றான். எவ்விடத்தில் பாறை வழுக்கும், எவ்விடத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எவ்விடத்தில் தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் பாய்ந்து வரும் என ஒவ்வோர் இடமாக எச்சரிக்கின்றான். ஏறக்குறைய இருபதாண்டுகளாக இப்பகுதியை வகுப்பில் நடத்தி வருகிறேன். அக்கூட்டத்தில் விறலியரும் நடந்து செல்கின்றனர் என்பதை ஒவ்வோர் ஆண்டும் ஒரு வரியில் கூறிவிட்டு அடுத்த பகுதிக்குச் சென்றுவிடுவேன். அந்த ஒரு வரியில் என்னை நிறுத்தி எண்ண வைத்தது ஒரு மோட்டார்ப் பந்தயம் என்றால் இம்மலரை விரிப்போர் வியக்கக்கூடும்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருந்த கோடைக்காலம் அது. பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலில் முதலிடத்தில் அவள் எழுதியது ஆட்டோமொபைல் பொறியியல். அதனைப் பட்டியலின் கீழே இறக்குமாறு கூறினேன். “பெண்பிள்ளை பட்டறையில் கிரீசும் கையுமாக நிற்பதா?” என்று என் மாமியார் கேட்டார். “மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது?” என்று என் கணவர் கேட்டார். நான் அவ்வாறெல்லாம் கேட்கவில்லை. “ஆபத்தான துறை” என்று மட்டுமே கூறினேன். கற்றவர்கள் மறுப்பதற்குக் கையாளும் சொல் அது.

அவள் மறுமொழி கூறவில்லை. கைப்பேசியை என் முன் வைத்து ஒரு காட்சியைக் காட்டினாள். வீட்டுச் சுவரளவு உயர்ந்த பாறைக் குவியலின் மீது ஓர் ஊர்தி ஏறிக்கொண்டிருந்தது. ஏறியது என்பதைவிடத் தவழ்ந்தது என்பதே பொருந்தும். ஆங்கிலத்திலும் அவ்விளையாட்டுக்குத் தவழ்தல் என்னும் பொருள்படவே ராக் கிராலிங் என்று பெயரிட்டுள்ளனர். மோட்டார்ப் பந்தயம் என்றால் விரைவு என்று எண்ணியிருந்த எனக்கு, மனிதன் நடக்கும் வேகத்தினும் குறைந்த வேகத்தில் நிகழும் அப்போட்டி புதுமையாக இருந்தது.

அதன் முறையை மகளே விளக்கினாள். சக்கரத்தின் காற்றைப் பெருமளவு இறக்கிவிடுவர். அப்பொழுதுதான் டயர் தளர்ந்து கல்லைக் கவ்வும். நான்கு சக்கரங்களும் எஞ்சினின் விசையைப் பெறும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றவை வீணே நின்றுவிடாதபடி டிபரன்ஷியலைப் பூட்டிவிடுவர். எஞ்சின் பலமுறை சுழன்றால்தான் சக்கரம் ஒருமுறை சுழலும் வண்ணம் பல்சக்கரங்களை அமைப்பர். வேகம் குறையும், வலிமை பெருகும். பாறையின் மீது கூம்புகளை நட்டு வழி குறித்திருப்பர். கூம்பைத் தொட்டால் தண்டப் புள்ளி. பின்வாங்கினாலும் தண்டப் புள்ளி, ஆனால் அது சிறியது. முடிவில் குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர்.

“இவர் யார்?” என்று கேட்டேன். ஊர்திக்கு வெளியே, பாறை மேல் நின்றபடி கையசைத்துக் கொண்டிருந்த ஒருவரைச் சுட்டினேன். “ஸ்பாட்டர், அம்மா. உள்ளே இருப்பவருக்குத் தம் சக்கரம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. இவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்” என்றாள். அச்சொல்லைக் கேட்டதும் என் மனம் கம்பத்திற்குச் சென்றுவிட்டது.

என் அத்தா ஜீப் ஓட்டியவர். விடியற்காலையில் கம்பத்திலிருந்து கூலியாட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்வார். மேட்டுச் சாலை வரையில் தார் இருக்கும்; தோட்டத்திற்குள் திரும்பியபின் கல்லும் ஓடையுமே பாதை. பள்ளி விடுமுறை நாட்களில் அண்ணனையும் என்னையும் அழைத்துச் செல்வதுண்டு. மழையில் மண் அரித்துக் கல் துருத்திக்கொண்டிருக்கும் ஏற்றங்களில் நான் இறங்கி முன்னே நடப்பேன். “வரட்டும், வரட்டும்... வலப்பக்கம் ஒடிங்க... நில்லுங்க” என்று கையசைப்பேன். பள்ளத்தில் கல்லை எடுத்து வைப்பேன். எனக்கு அப்போது பத்து வயது. “எம்புள்ள கண்ணுக்கு ஒரு கல்லு தப்பாது” என்று அத்தா கூலிப்பெண்களிடம் சொல்லி மகிழ்வார்.

ஒருநாள், “நானும் ஓட்டிப் பழகட்டுமா அத்தா?” என்று கேட்டேன். “நீ முன்னால போய் வழி சொல்லும்மா, அது போதும்” என்றார். அவ்வாண்டே அண்ணனை மடியில் அமர்த்தி ஸ்டீயரிங்கைப் பிடிக்கச் செய்தார். நான் அழவில்லை. படிப்பில் முனைந்தேன், தமிழ் முதுகலையும் ஆய்வியல் நிறைஞர் பட்டமும் பெற்றேன். இன்றும் கல்லூரிப் பேருந்தில்தான் வருகிறேன். வழி சொல்வது என் தொழிலாயிற்று.

இனி, மகள் காட்டிய பெண்மணியைப் பற்றிக் கூற வேண்டும். ஜெஸ்ஸி கோம்ப்ஸ் என்பது அவர் பெயர். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் 1980-ஆம் ஆண்டு பிறந்தவர்; நான் பிறந்ததும் அதே ஆண்டுதான். வயோமிங்கில் ஊர்தித் தொழில்நுட்பப் பள்ளியில் பயின்று 2004-இல் தேறினார். இரும்பை வெட்டிப் பற்றவைத்து ஊர்தியைத் தம் கையாலேயே உருவாக்க வல்லவர். மேடுபள்ளத்தில் செல்லும் ஊர்திகளைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றை 2005 முதல் நடத்தினார். 2007-இல் கனத்த பொறி ஒன்று அவர் மீது சாய்ந்து முதுகெலும்பு முறிந்தது. மீண்டும் நடப்பாரோ என்று ஐயுற்ற நிலையிலிருந்து மீண்டு, மறுபடியும் பட்டறைக்கே வந்தார். பற்றவைப்புத் தொழிலின் கையுறையும் மேலாடையும் ஆண்களின் அளவிலேயே கிடைத்து வந்த நிலையில், பெண்களுக்கென அவற்றை உருவாக்க முன்னின்றார்.

கலிபோர்னியாவின் மோகாவே பாலைநிலத்தில் ஜான்சன் பள்ளத்தாக்கு என்றோர் இடம் உண்டு. அங்குள்ள கடும் பாறைத் தடங்கள் பலவற்றுக்குச் சம்மட்டி என்னும் பொருள்படும் ஹேமர் என்ற சொல்லோடு பெயர் அமைந்துள்ளது. 2007 முதல் அங்கு நடைபெறும் கிங் ஆஃப் தி ஹேமர்ஸ் என்னும் போட்டியில், மணல்வெளியில் விரைந்து ஓடவும் வேண்டும், பாறையில் தவழவும் வேண்டும். பெண்களுக்கெனத் தனி வரிசை அங்கில்லை. பாறை ஆணென்றும் பெண்ணென்றும் பார்ப்பதில்லை. அப்போட்டியின் ஒரு பிரிவில் 2016-ஆம் ஆண்டு முதலிடம் பெற்றவர் ஜெஸ்ஸி. அதற்கு முந்தைய ஆண்டில் மொராக்கோ பாலைவனத்தில் நிகழும் ஆயிஷா பெயர் தாங்கிய மகளிர் போட்டியிலும் அவர் கலந்துகொண்டார். 1990-இல் தொடங்கிய அப்போட்டியில் விரைந்து வருபவர்க்கு வெற்றி இல்லை. வரைபடமும் திசைகாட்டியும் மட்டுமே துணையாகக் கொண்டு, மிகக் குறைந்த தொலைவில் வழி கண்டு வருபவரே வெல்வர்.

இவற்றையெல்லாம் கேட்டு என் மனம் இளகியது உண்மை. அன்றிரவு அப்பெண்மணியைப் பற்றி மேலும் அறிய விரும்பி நானே தேடிப் படித்தேன். மகள் கூறாமல் விட்ட செய்தி அப்போது தெரிந்தது. ஒரேகான் மாநிலத்தின் ஆல்வோர்ட் பாலைவெளியில், போர்விமானத்தின் உடலைக் கொண்டு அமைத்த தாரை ஊர்தியில் விரைவுச் சாதனைக்கு முயன்றபோது, 2019 ஆகஸ்ட் 27 அன்று ஜெஸ்ஸி உயிரிழந்தார். முன்சக்கரம் பழுதுற்றதே காரணம் என்று கண்டனர். அன்று அவர் எட்டிய வேகம் மணிக்கு ஏறத்தாழ 841 கிலோமீட்டர். தரையில் மிக விரைந்து சென்ற பெண் என்று 2020-இல் கின்னஸ் நிறுவனம் அறிவித்தபோது, அதைக் கேட்க அவர் இல்லை. முப்பத்தொன்பது வயதில் முடிந்துபோன வாழ்வு.

மறுநாள் காலை மகளிடம், “இதை ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “சொல்லியிருந்தால் நீங்கள் அதோடு முடித்திருப்பீர்கள், அம்மா” என்றாள். என்னிடம் மறுமொழி இல்லை. முடிக்கத்தான் நினைத்திருந்தேன்.

அவ்வாரமே கம்பத்திற்குச் சென்றேன். அத்தாவுக்கு இப்போது எழுபத்தைந்து கடந்துவிட்டது; கண்பார்வை மங்கிவிட்டது. எல்லாவற்றையும் கூறினேன். அந்த அமெரிக்கப் பெண்ணின் இறப்பைச் சற்று அழுத்தியே கூறினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மெல்லக் கூறினார்:

“அந்த மலையில எங்கூட ஓட்டுனவங்க எத்தனையோ பேரு போய்ச் சேந்துட்டாங்க. ஒங்க அண்ணன் கையில சாவியக் கொடுக்கிறப்ப அதெல்லாம் எனக்கு நெனப்பு இல்லாமலா இருந்துச்சு? இருந்தும் கொடுத்தேன். ஒனக்கு மட்டும், ஆபத்துன்னு கொடுக்கல. அது மலையப் பாத்த பயம் இல்லம்மா. ஊரப் பாத்த பயம்.”

முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் எனக்குக் கிடைத்த விடை அது. என் மகளுக்கு நான் கூறிய “ஆபத்தான துறை” என்னும் சொல்லை அவ்விடத்தில் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். இருசக்கர வண்டியில் நாள்தோறும் நெடுஞ்சாலை கடந்து வேலைக்குச் செல்லும் என் அண்ணன் மகனிடம் நான் ஒருபோதும் அச்சொல்லைக் கூறியதில்லை.

ஜெஸ்ஸியின் முடிவு என்னை இன்றும் வருத்துகிறது. அதனைப் பெருமையாகப் பேச என்னால் இயலாது. தாய் ஒருத்தியால் இயலவும் கூடாது. ஆனால் பாறையில் அடியடியாகத் தவழக் கற்ற அக்கைகளின் திறம், அம்முடிவினால் பொய்யாகிவிடாது என்பதையும் மறுக்க இயலவில்லை. அச்சம் கொள்வது பெற்றோரின் உரிமை. அதற்கு வேறொரு பெயரைச் சூட்டிப் பிள்ளையின் வழியில் கூம்பாக நட்டு வைப்பது உரிமையாகாது.

விருப்பப் பட்டியலில் முதல் வரி முதல் வரியாகவே நின்றது. மகள் இப்போது இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். சென்ற விடுமுறையில் ஓட்டுநர் உரிமம் பெற்றுக் கம்பத்திற்கு வந்தபோது, அண்ணனின் ஜீப்பில் தோட்டத்துப் பாதை வரையில் சென்றோம். அத்தா பின்னிருக்கையில் அமர்ந்து ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பழைய ஏற்றம் வந்ததும் நான் இறங்கி முன்னே நடந்தேன். கல் இருந்த இடத்தில் கல் இருந்தது. “வரட்டும், வரட்டும்” என்றேன். ஓரிடத்தில் சக்கரம் வழுக்கியது. “பின்னால எடு, ஒண்ணுமில்ல” என்று அத்தா உள்ளிருந்து குரல் கொடுத்தார். மகள் பின்வாங்கி, மறுபடியும் ஏறினாள்.

மேலே சென்றதும் அவள் இறங்கி நின்று, “இப்போது நீங்கள் உட்காருங்கள் அம்மா, நான் வழி சொல்கிறேன்” என்றாள். நாற்பத்தைந்து வயதில் நான் முதன்முதலாக ஸ்டீயரிங்கைப் பிடித்துச் சமதரையில் இருபதடி ஓட்டினேன். இருமுறை எஞ்சின் நின்றுவிட்டது. அத்தா சிரித்தார், நானும் சிரித்தேன்.

இவ்வாண்டு மலைபடுகடாம் நடத்தும்போது விறலியர் வரும் இடத்தில் வகுப்பைச் சிறிது நேரம் நிறுத்த எண்ணியிருக்கிறேன்.