வெறுங்கையோடு போகலாம்

1996இல் எங்கள் அகதி விண்ணப்பம் மூன்று வருடமாக இழுபட்டுக் கிடந்தது. தொகுதி எம்.பி.யைப் போய்ப் பார்க்கும்படி ஒரு நண்பர் சொன்னார். சனிக்கிழமைகளில் நூலகத்தில் மக்களைச் சந்திப்பாராம். புறப்படும்போது மனைவி, "வெறுங்கையோடையே போகப் போறியள்?" என்று கேட்டாள். ஊரில் கச்சேரிக்குப் போகும்போதுகூட ஒரு வாழைக்குலையாவது கூடவே போகும். நான் ஒரு விஸ்கிப் போத்தலும், வாழ்த்து அட்டைக்குள் ஐம்பது பவுணும் கொண்டு போனேன்.

அந்த அம்மா அட்டையைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டையும் என் பக்கம் தள்ளினார். "இதை வாங்கினால் உங்களுக்காக நான் எழுதும் கடிதத்துக்கு மதிப்பில்லை" என்றார். எனக்கு முகம் எரிந்தது. ஆனால் கடிதத்தை எழுதினார். பிரதியும் தபாலில் வந்தது.

வெள்ளைக்காரர் பிறப்பிலேயே நேர்மையானவர்கள் என்று அன்று வீட்டில் சொன்னேன். அது பிழை. 1994இல்தான், காசு வாங்கிக்கொண்டு பாராளுமன்றத்தில் கேள்வி கேட்ட விவகாரம் இங்கே பத்திரிகைகளில் நாறியது. பிரதமர் ஜோன் மேஜர் நோலன் பிரபு தலைமையில் குழு அமைத்தார். 1995இல் அக்குழு பொதுவாழ்வுக்கு ஏழு நெறிகளை வகுத்தது. எம்.பி.க்களை விசாரிக்க ஓர் ஆணையாளரும் வந்தார். அதற்குப் பிறகும் 2009இல் செலவுக் கணக்கு ஊழல் வெடித்தது. ஒருவருடைய பட்டியலில் வீட்டு அகழி துப்புரவாக்கிய செலவுகூட இருந்தது! சபாநாயகரே பதவி விலக நேர்ந்தது. கணக்குப் பார்க்கும் வேலை சுயாதீன அமைப்பொன்றின் கைக்குப் போனது.

எம்.பி.க்கள் தங்கள் மேலதிக வருமானம், பரிசு, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் எழுதும் பதிவேடு ஒன்று இருக்கிறது. 1975இல் முதன்முதல் வெளியானது. யாரும் பார்க்கலாம். அதே 1975இல் இலங்கையிலும் சொத்து விபரம் கொடுக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ்க் கட்டணம் கட்டிப் பிரதி கேட்க முடிந்தது. பார்த்ததை வெளியே சொன்னால் குற்றமாக இருந்தது. 2023இன் ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்துதான் அந்தப் பூட்டுத் திறந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. "எம்.பி.யிட்டைச் சொல்லி அலுவல் முடிச்சுத் தாறன்" என்று புதிதாய் வந்த குடும்பங்களிடம் காசு கேட்கிற ஆட்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள். எம்.பி.யைப் பார்க்கக் காசில்லை. வாக்குரிமை இல்லாதவரும் போகலாம். விசாவை அவர் தர முடியாது. உங்கள் கோவை எங்கே கிடக்கிறது என்று கேட்டு எழுத முடியும். கையில் இருக்க வேண்டியது ஹோம் ஒபிஸ் இலக்கம் உள்ள கடிதமும், விலாசத்துக்கு ஓர் அத்தாட்சியும்தான்.