சொல்லக்கூடாத ஆட்டம்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு தொடர்மாடியில் என் தங்கையின் வீடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கு மதியச் சாப்பாட்டுக்குப் போவது வழக்கம். சென்ற ஆண்டு அப்படிப் போன ஒரு நாள் மருமகனின் அறைக்குள் எட்டிப் பார்த்தபோது, அவன் சட்டென்று மடிக்கணினியை மூடினான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. நான் எதை நினைத்திருப்பேன் என்று அவனுக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

"வேறொண்டுமில்லை மாமா, கேம்தான். ஆனா ஒருத்தருக்கும் காட்டேலாது. சொல்லமாட்டன் எண்டு ஒப்பந்தம் செய்திருக்கிறன்."

"என்னடா, பாதுகாப்பு அமைச்சின்ர இரகசியமோ?" என்றேன். சிரித்தான். ஆனால் கணினியைத் திறக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் தான் விளையாடும் விளையாட்டின் பெயரைக்கூடச் சொல்லாமல் விடயத்தை விளக்கினான். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையத்தில் கூடி விளையாடும் பெரிய விளையாட்டுகள் ஒருமுறை வெளிவந்ததோடு முடிந்துவிடுவதில்லை. ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய நாடுகள், புதிய பகைவர்கள், புதிய விதிகள் என்று விரிவாக்கம் வரும். வருமுன் தெரிந்தெடுத்த சிலரை மட்டும் உள்ளே அழைத்துப் பரீட்சித்துப் பார்ப்பார்கள். உள்ளே கண்டதைப் பேசக்கூடாது, படம் எடுத்துப் போடக்கூடாது. சில வேளைகளில் அழைக்கப்பட்டதையே சொல்லக்கூடாது.

இதில் நியாயம் இல்லாமலில்லை. இன்று உள்ளே இருப்பது நாளை நீக்கப்படலாம். அரைகுறையாகக் கட்டிய வீட்டை ஊரார் பார்த்துக் குறை சொல்வதை எந்த மேசனும் விரும்பமாட்டான். செய்தியாளனான எனக்கும் இது புதிதல்ல. 'இத்தனை மணிவரை வெளியிடக்கூடாது' என்ற குறிப்போடு எத்தனையோ அறிக்கைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒன்றைக்கூட நேரத்துக்கு முன் நான் வெளியிட்டதில்லை. ஆகவே மருமகனை மெச்சினேன்.

சில மாதங்கள் கழித்து விரிவாக்கம் வெளிவந்தது. அடுத்த ஞாயிறு அவன் சாப்பிடவில்லை.

அவனுடைய விளையாட்டுக் குழுவில் கொட்டாஞ்சேனைப் பையன் ஒருவன். ஜம்பட்டா வீதியில் ஒரு கடையில் பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு இரவில் விளையாடுகிறவன். ஓர் ஆயுதம் செய்வதற்காக மூன்று மாதங்கள் கண்விழித்து ஏதோ ஒரு கனிமத்தைச் சேர்த்திருக்கிறான். கைக்காசு கொடுத்தும் கொஞ்சம் வாங்கியிருக்கிறான். புதிய விதிகளில் அந்தக் கனிமம் செல்லாக்காசாகிவிட்டது. அது என் மருமகனுக்கு முன்பே தெரியும். 'இது சேர்ப்பவர்களுக்கு அநியாயம்' என்று நிறுவனத்துக்கு எழுதியும் இருக்கிறான். பதிலாக வந்தது, இயந்திரம் அனுப்பும் நன்றிக் கடிதம் ஒன்றுதான்.

நண்பன் கேட்ட கேள்வி இதுதான்: "நீ மூண்டு மாசமா ஒண்டும் சேர்க்கேல்லத்தானே? எனக்கு ஏன்ரா சொல்லேல்ல?"

வாயைக் காத்தவன் கையைக் காக்கவில்லை. தெரிந்ததைச் சொல்லவில்லை, ஆனால் தெரிந்ததால் தான் மட்டும் நட்டப்படாமல் தப்பிக்கொண்டான். "நான் சேர்க்காம விட்டதும் பிழைதானோ மாமா?" என்று கேட்டான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

கொட்டாஞ்சேனை என்றதும் என்னுடைய ஒரு மௌனம் நினைவுக்கு வந்ததுதான் காரணம். 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைமுகாம் வீழ்ந்தது. மே மாதம் அவசரகால விதிகளின் கீழ் செய்தித் தணிக்கை மேலும் இறுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் உதயனும் கொழும்பில் சண்டே லீடரும் அந்த மாதமே மூடப்பட்டன. போர்ச் செய்திகள் தகுதிவாய்ந்த அதிகாரியின் பார்வைக்குப் போய் வெட்டுப்பட்டுத் திரும்பும். நான் அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்கார அக்காவின் தமக்கை குடும்பம் சாவகச்சேரியில். "தம்பி, தென்மராட்சியில என்ன நடக்குது? பேப்பர்காரருக்குத் தெரியும்தானே" என்று இரவில் கதவைத் திறந்துவிடும்போது கேட்பார். சனம் இடம்பெயர்ந்துகொண்டிருக்கிறது என்ற செய்தியை அன்று மாலைதான் வாசித்திருப்பேன். அது அச்சேறாது என்றும் தெரியும். வாய்விட்டால் யார் காதில் விழுமோ என்ற பயத்தில், "ஒண்டும் தெரியாதக்கா" என்பேன். பிறகு ஒருநாள் பி.பி.சி. தமிழோசையில் அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். என்னைத் திட்டவில்லை. அதன்பின் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

விளையாட்டையும் போரையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். ஆனால் 'நேரம் வரும்வரை பொறு' என்பதற்கும் 'வாயைத் திறவாதே' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த மாதங்கள் எனக்குக் கற்றுத்தந்தன. முன்னதற்கு ஒரு முடிவு நேரம் உண்டு, கேட்கத்தக்க காரணம் உண்டு. பின்னதற்கு இரண்டும் இல்லை. அதிகாரபூர்வமான வாய் மூடியிருக்கும்போது சனங்கள் வேறு வாயைத் தேடிப் போவார்கள் என்பதும் அப்போது கண்டதுதான்.

விளையாட்டு உலகிலும் இதுவே நடந்திருக்கிறது. 2010 மே மாதம், வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ற் விளையாட்டின் கற்றக்ளிசம் என்ற விரிவாக்கம் நெருங்கிய வட்டத்தினருக்கு மட்டும் இரகசியமாகக் காட்டப்பட்டது. சில நாட்களிலேயே விவரங்கள் இணையத்தில் பரவிவிட்டன. விரிவாக்கம் கடைக்கு வந்தது அந்த ஆண்டு டிசம்பரில்தான். 2012 இல் இன்னொன்று தெரியவந்தது. அதே விளையாட்டில் எடுக்கும் திரைப்பிடிப்புகளில், எடுத்தவரின் கணக்கு விவரமும் நேரமும் கண்ணுக்குத் தெரியாத குறிகளாகப் பதிந்திருந்தன. நம்பி அழைத்தவர்கள் சட்டைப்பையையும் சோதித்த கதை.

இதைவிட எனக்குப் பாடமாகத் தோன்றுவது ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனத்தின் கதை. ஈவ் ஒன்லைன் என்ற அதன் விண்வெளி விளையாட்டில், ஊழியர் ஒருவர் தான் சார்ந்த அணிக்குப் பெறுமதியான வரைபடங்களைக் கிடைக்கச் செய்தது 2007 இல் அம்பலமானது. அம்பலப்படுத்தியவரின் கணக்கும் தடைசெய்யப்பட்டது. கலைந்த நம்பிக்கையை மீட்க, 2008 இல் விளையாட்டாளர்களே வாக்களித்துத் தெரியும் ஒரு பேரவையை அமைத்தார்கள். உறுப்பினர்கள் இரகசியம் காப்பதாக ஒப்பமிட்டு, வரப்போகும் மாற்றங்களைக் கேட்டுக் கருத்துச் சொல்வார்கள். அங்கும் மனிதர்தானே. 2009 இல் ஓர் உறுப்பினர், உள்ளே கேட்டதை வைத்து விளையாட்டுச் சந்தையில் பொருள் வாங்கிச் சேர்த்ததால் விலக நேர்ந்தது. 2019 ஏப்ரலில் இன்னோர் உறுப்பினரை, இரகசியத்தை வெளியே சொன்னார் என்று பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டி நீக்கினார்கள். சில வாரங்களில் மறுவிசாரணை செய்து, அவர் குற்றமற்றவர் என்று அறிவித்து மன்னிப்பும் கேட்டார்கள்.

அந்தப் பேரவை பழுதற்றது என்பதல்ல. விளையாட்டாளரை வாய்மூடச் சொன்னவர்கள் அவரிடம் காதுகொடுக்கவும் ஓர் ஏற்பாடு செய்தார்கள், தாங்கள் தவறியபோது அதைப் பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டார்கள். இரகசியம் காக்கும்படி கேட்பது கடன் கேட்பதைப் போன்றது. என் மருமகன் தன் நட்பைப் பணயம் வைத்து ஒரு நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தான். அவர்கள் அவனுடைய கடிதத்தை ஒரு மனிதரைக்கொண்டு வாசிப்பித்திருந்தால், சேர்ப்பவர்களுக்கு ஒரு மாதம் முன்னறிவித்தல் கொடுத்திருந்தால், அந்தக் கடனின் பாதியாவது தீர்ந்திருக்கும்.

அவன் கேள்விக்கு அடுத்த ஞாயிறு பதில் சொன்னேன். "சொல்லாமல் விட்டது பிழையில்லை. ஆனால் தெரிஞ்சதால தப்பினது பிழை. நீயும் அவனோட சேர்ந்து சேர்த்து, அவனோட சேர்ந்து நட்டப்பட்டிருக்கவேணும்." அவன் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "அதைப் போய் அவனிட்டச் சொல்லட்டோ?" என்றான்.

"போய்ச் சொல்லு" என்றேன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலப் பயணம்கூட இல்லை. போனான். திரும்பி வந்தபின், நண்பன் ஏசினான் என்றும் பிறகு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தான் என்றும் சொன்னான்.

நான் இருந்த வீட்டு அக்காவிடம் அப்படிப் போய்ச் சொல்ல எனக்கு அன்று தோன்றவில்லை. பின்னர் அவர் அந்த வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்.