சோதனைக்கு முன் ஒரு சொல்

திருப்பூரின் பின்னலாடை ஆலைகளில் உழைக்க ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர் பலர் நம் அயலில் வாழ்கின்றனர். கஞ்சா வைத்திருப்பதாக ஐயுற்று எவருடைய உடலையும் சோதிக்குமுன், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை அவருக்குண்டு என்பதை அறிவித்தல் வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், 50-ஆம் பிரிவு தரும் காவல் இது. இவ்வறிவிப்பு கட்டாயமென உச்சநீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது.

போதைப்பொருள் கொடிய நஞ்சே; ஐயமில்லை. ஆயினும் தமிழறியாதவனிடம் தமிழில் உரைத்துக் கையொப்பம் வாங்கினால், அது அறிவித்ததாகுமோ?

விசாரியாமல் ஒருவனைத் தீர்ப்பிடலாமோ என்று பரிசேயரிடையே வினவினார் நிக்கதேம். நாமும் வினவுவோம். கைதான அயலானுக்கு அவன் மொழி அறிந்தவரையும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞரையும் தேடித் தருவது, சிறைப்பட்டோரைச் சந்திக்கும் இரக்கச் செயலின் தொடக்கமன்றோ?