நூலகச் சாவி

எங்கள் பாடசாலை நூலகத்தின் சாவி 2 வருடமாக என் கைப்பையில் கிடக்கிறது. நூலகர் நியமனம் வரவில்லை. தமிழ்ப் பாடத்தோடு நூலகத்துக்கும் நான்தான் பொறுப்பு. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. அன்று ஏறிய புத்தக விலைக்கு எங்களிடம் உள்ள பணம் எட்டுவதில்லை. அதைக்கூடச் சமாளிக்கலாம். என் பயம் வேறு. வருட இறுதிக் கணக்கெடுப்பில் ஒரு புத்தகம் குறைந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் பூட்டியே வைத்திருந்தேன், உண்மையைச் சொல்கிறேன்.

போன மாதம் தரம் 7 பிள்ளை ஒருத்தி ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், அந்தப் புத்தகமெல்லாம் யாருக்கு?" என்று கேட்டாள்.

இப்போது இடைவேளையில் திறக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ், 40 பிள்ளைகள் வரை வருகிறார்கள். 3 புத்தகங்கள் இன்னும் திரும்பி வரவில்லை. அதிபரிடம் சொல்லவில்லை.